மெழுகு வைத்த கட்டில்

இப்போதுதான் கூட்டித் தள்ளினாள். அதற்குள் கட்டிலுக்கு அடியில் மறுபடியும் தூள் கொட்டிக் கிடந்தது, கோலமாவு போல மெல்லிசாக, மஞ்சளாக. செலின் குனிந்து பார்த்தாள். கட்டில் சட்டத்தில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வட்ட வட்டமாக ஓட்டைகள் இருந்தன.

ஆவடி குவார்ட்டர்ஸில் பாதி வீட்டுக் கட்டில்கள் இப்படிப் பிறந்தவைதான். வெளிநாட்டிலிருந்து பேக்டரிக்கு மெஷின் வந்து இறங்கும் மரப்பெட்டிகளை உடைத்து ஏலம் விடுவார்கள். அந்த மரத்தை எடுத்து ஆளுக்கொன்று அடித்துக்கொள்வார்கள்.

"எங்க ஊட்டு பெஞ்சுலயும் இப்டித்தான் கொட்டிச்சி," என்றாள் பக்கத்து வீட்டுப் பூங்காவனம். "உள்ள புழு கீது. வருசக்கணக்கா மரத்த தின்னுகினே கெடக்கும். அப்பால நீட்டு மீசையோட வண்டா வெளிய வந்து போய்டும். நீ ஒண்ணியும் பண்ணாத, உட்டுடு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு செலினுக்குப் பிடிக்கவில்லை.

புருஷன் ஜேசுராஜ் நைட் ஷிப்ட் முடிந்து வந்து பகலில் அந்தக் கட்டிலில்தான் தூங்குவான். மத்தியானம் குழாயடிச் சண்டை ஓய்ந்து, மின்சார ரயிலின் தடதடப்பும் தேய்ந்து, மீன்குழம்பு வாசனையோடு வீடு புழுங்கிக் கிடக்கும் நேரத்தில், யாரோ வாயை மூடிக்கொண்டு பொருவிளங்காய் உருண்டையை மெல்வதுபோல அந்தச் சத்தம் ஆரம்பிக்கும். கர்... கர்...

"உங்களுக்குக் கேக்கலியா?"

"இன்னா கேக்கணும்? சும்மா கெட, செலினு."

காதுக்குக் கீழேயே அறுக்கிறது, இந்த மனுஷனுக்கு மட்டும் எப்படிக் கேட்காமல் போகும்? கல்யாணமான நாளாக அவளிடம் பொய் சொல்லாதவன். அவளுக்கென்று உலகத்தில் இருப்பதும் அவன் ஒருவன்தான். அவனை அந்த மரம் ஏதோ செய்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

மெழுகுதிரித் திருநாளன்று கோயிலில் மந்திரித்து வாங்கிய திரி மாதா படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இடி மின்னலுக்கும் சாவுக்கும் ஏற்றுகிற திரி. அதைக் கொளுத்தி, அவன் தூங்கும்போதே ஓட்டை ஓட்டையாக உருக்கி ஊற்றினாள். ஒன்று விடாமல் அடைத்தாள். 'இனி நீ எந்த வழியா வெளிய வரேன்னு பாக்கறேன்.'

அன்றோடு தூள் நின்றது. சத்தமும் நின்றது.

ஆனால் அவன் தட்டு தட்டாகச் சோறு தின்ன ஆரம்பித்தான். "முதுகுல ஊறுது, சொறி" என்பான். அவன் உட்கார்ந்தால் எப்போதும் முனகுகிற கட்டில் இப்போது முனகவில்லை. எழுப்புவதற்காகத் தோளில் தட்டினால் காலி டப்பாவைத் தட்டினதுபோலக் கேட்டது. ஏன் இப்படி என்று கேட்டால், இன்னும் சோறு போடு என்பான்.

ஒரு மத்தியானம் துவைக்க எடுத்த அவன் பனியனை உதறினாள்.

மஞ்சள் தூள்.

உள்ளே ஓடினாள். கர்... கர்...

சட்டத்தில் காதை வைத்தாள். இல்லை. மெழுகு வைத்தது வைத்தபடி இருந்தது. தலையணை. அதுவும் இல்லை.

அவன் நெஞ்சில் காதை வைத்தாள்.

கர்.

மாதா படத்துக்குப் பக்கத்திலிருந்த மிச்சத் திரியைப் பார்த்தாள். அவன் கண்ணைத் திறக்காமலே பேசினான்.

"அடைக்காத, செலினு. போன வாட்டி நீ அடைச்சதாலதான் இப்டி வந்துச்சி."

அவன் காதிலிருந்து தலையணையில் தூள் கொட்டியது. அதன் பின்னால் ஒரு மீசை. கணுக்கணுவாக, கறுப்பும் வெள்ளையுமாக. நீண்டது. இன்னும் நீண்டது. காற்றைத் தடவித் தடவி அவள் கன்னத்தைத் தொட்டது.