சதுக்கத்தில் தவறிய பிள்ளைகள்

அறையின் தரையில் சேறு கிடந்தது. துஷாந்தினி அதைக் கண்டபோது மாலை ஐந்தரை மணி. வெளியே மொன்றியல் இருட்டிவிட்டிருந்தது. குளிர்கால விளையாட்டு உலகப் போட்டிக்கென்று அந்த வருடம் புதிதாகக் கட்டிய சதுக்கத்தில் கருங்கல்லையும் பனியையும் தவிர வேறெதுவும் இல்லை, மண்ணைக் கண்டே இரண்டு மாதமாகிறது. ஆனாலும் கதவிலிருந்து ஹீட்டர் வரைக்கும் சாம்பல் நிறச் சேற்றில் ஒரு சின்ன வெறுங்காலின் தடங்கள் போயிருந்தன.

கூட்டத்தில் தவறிப்போகும் பிள்ளைகளைப் பெற்றோர் வரும்வரை வைத்திருக்கும் மர அறை அது. பார்த்துக்கொள்வது அவள் வேலை. கணவன் ஞானேந்திரன் வேண்டாம் என்றுதான் சொன்னான். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே மழையில் இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்து நெரிசலில், அவள் கையிலிருந்து நழுவிப்போனாள் ஐந்து வயது மகள் ரக்ஷனா. பதினொரு வருடமாக அவளைத் தேடி இருவரும் கடிதம் எழுதாத இடமில்லை. பிறகும் உனக்கேன் இந்த வேலை என்று கேட்டான். தாய்மார் ஓடிவந்து பிள்ளையைத் தூக்குவதைப் பார்க்க வேணும்போல இருக்கு என்றாள்.

பதக்க விழா முடிந்து சனம் மெட்ரோவை நோக்கிக் கலைந்துகொண்டிருந்தது. கடைசியாக இருந்த பிள்ளையையும் அதன் தாய் அழுதழுது "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொன்னபடி அள்ளிக்கொண்டு போய்விட்டாள். துஷாந்தினி சேற்றைத் துடைத்தாள். துணியிலிருந்து கடல்நீர்க் களப்பின் உப்பும் அழுகலும் கலந்த வாடை எழுந்தது, அதோடு மழையில் நனைந்து நாட்கணக்காகக் காயாத உடுப்புகளின் வாடையும். வெளியே பாட்டு நின்றுவிட்டிருந்தது. வெற்றுக் கொடிக்கம்பங்களில் காற்று கயிறுகளை அடித்துக்கொண்டேயிருந்தது.

மேசையிலிருந்த வோக்கிடோக்கி கரகரத்தது. வாசல் காவலர்கள் பிரெஞ்சில்தான் பேசுவார்கள்.

"பாலத்தடியில ஒரு பிள்ளை தனிய நிக்குது. கூட்டிக்கொண்டு வாறம்," என்றது ஓர் ஆண்குரல், தமிழில்.

சதுக்கத்தில் பாலம் கிடையாது.

காற்றும் நின்றுபோனது போலிருந்தது. பிறகு கதவு தட்டப்பட்டது. மெதுவாக. கைப்பிடிக்கும் கீழே.

திறந்தாள்.

ஒரு பெண்பிள்ளை. உடம்போடு ஒட்டிய பருத்திச் சட்டை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அந்தக் குளிரிலும் அது உறையவில்லை. இடப்புருவத்தில் தழும்பு. கிணற்றுக்கட்டில் விழுந்த தழும்பு. இப்போது பதினாறு வயதாகியிருக்க வேண்டும். பார்வைக்கு ஐந்துதான் இருக்கும்.

"ரக்ஷனா."

பிள்ளை அவளைத் தாண்டி அறைக்குள் எட்டிப் பார்த்தது.

"அம்மா இன்னும் வரேல்லையோ?"

"நான்தான் செல்லம். நான்தான் அம்மா."

பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்தது. நரைத்த முடியை. கண்ணுக்குக் கீழே விழுந்த கறுப்பை. பொறுமையாக, ஒவ்வொன்றாக.

"இல்லை அன்ரி," என்றது மரியாதையாக. "எங்கட அம்மா வேற. அவ என்னைத் தேடிக்கொண்டு வருவா."

துஷாந்தினி முழங்காலிட்டாள். அந்தக் கையைப் பிடித்தாள். குளிர்ந்து ஊறிப்போன கை. அது விலகவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

அப்போதுதான் பிள்ளைக்குப் பின்னால் பார்த்தாள்.

சதுக்கம் நிறைந்திருந்தது. பதக்க மேடை வரைக்கும். அதைத் தாண்டியும். பிள்ளைகள். பனியில் வெறுங்காலோடு வரிசையாக. ஒன்றும் அழவில்லை. ஒன்றின் வாயிலும் மூச்சுப்புகை இல்லை. ஒவ்வொன்றும் ஒரு கையை மட்டும் தூக்கி, வளர்ந்த ஆளின் கை இருக்கும் உயரத்தில் விரல்களை இறுக்கி மூடி, வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது.