காற்றை இறக்கியவள்

பால் பொங்கி வருகிற நேரம் பார்த்துத்தான் கணவன் வாசலிலிருந்து கத்தினான்.

"இங்க வா! வந்து பாருன்னு சொல்றேன்ல!"

அடுப்பை அணைத்துவிட்டு அவள் ஓடினாள். காரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டயரின் வரிப்பள்ளத்தில் ஒரு காசைச் செருகிப் பார்த்துக்கொண்டிருந்தான் அவன். நடுப்பாகத்தில் காசு கொஞ்சமாவது நின்றது. இரண்டு ஓரத்திலும் வைத்த வேகத்தில் விழுந்தது. ஓரமெல்லாம் மழமழவென்று மொட்டை!

அந்த ஹைபிரிட் காரை வாங்கிய நாளிலிருந்து அவனுக்கு அதன் மைலேஜ்தான் மூச்சு. பிள்ளை பெற்றவர்கள் குழந்தையின் எடையைப் பார்க்கிற மாதிரி, ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் காரில் ஏறித் திரையில் அந்த எண்ணைப் பார்ப்பான். சில மாதங்களாக அந்தக் குழந்தை இளைத்துக்கொண்டே போனது. அவனோ ஆபீஸ் பஸ்ஸில் போய் வருகிறவன். முதுகெலும்பில் அடிபட்ட மாமியாரைப் பிசியோதெரபிக்கு அழைத்துப் போகிறவள் அவள்தான். ஆகவே கார் இளைத்த பழியும் அவள் தலையில்தான்.

"இன்னும் எவ்வளவோ ஓடவேண்டிய டயர்! நேத்து மழையில வழுக்குச்சுன்னு நீயே வந்து சொன்னியே, ஏன் வழுக்காது? பெட்ரோலும் கூட, கிலோமீட்டரும் கூட... அம்மாவைக் கூட்டிட்டுப் போற தூரம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதா?"

"நான் சுத்து வழியா போறேங்க. குறுக்கு ரோடு குண்டும் குழியுமா கெடக்கு..."

"அந்த ரோட்டுல பஸ்ஸே போகுது! உனக்கு மட்டும் ஆகாதோ?"

கையில் காபி டம்ளரோடு நாத்தனார், கணவனின் அக்கா, வந்து நின்றாள். அம்மாவைப் பார்த்துவிட்டுப் போக வந்தவள். வந்த நாளிலிருந்து அவளுக்கு இந்த வீட்டில் எதுவுமே சரியில்லை, உப்பு டப்பா இருக்கிற இடம் உட்பட.

"அம்மாவை உள்ள விட்டுட்டு இவ எங்க போய் சுத்துறான்னு கேளுடா தம்பி. நான் கேட்டா பொல்லாதவ ஆயிடுவேன்."

அவளுக்கு உடம்பே கூசியது. எங்கே சுத்துகிறாளாம்! பிசியோதெரபி அறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளேயிருந்து முனகல் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

ஒரே வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாமியார் நின்றிருந்தாள். கண்ணாலேயே கெஞ்சினாள்.

குளியலறையில் விழுந்து அடிபட்ட முதுகு. வலி குறையாவிட்டால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொன்ன அன்று, கல்யாணமானதிலிருந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லாத அந்த மாமியார் காருக்குள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என் அக்கா அந்த மேஜையில ஏறினவதான், இறங்கவேயில்ல. எனக்குப் பயமா இருக்குடி... வலிக்குதுன்னு தெரிஞ்சா என் புள்ள தூக்கிட்டுப் போய்ப் படுக்க வெச்சுடுவான். சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு!" கெஞ்சுகிறவள் முன்னால் எந்த மருமகளால் வீம்பு காட்ட முடியும்? சத்தியம் செய்துவிட்டாள்.

செய்த பிறகுதான் தெரிந்தது அது எவ்வளவு கனமென்று. இன்ஜின் அடங்கிப் பேட்டரியில் ஓடும்போது அந்தக் காருக்குள் ஊசி விழுந்தால் கேட்கும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்சீட்டிலிருந்து மாமியார் பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிற முனகல் அவள் பிடரியிலேயே விழுந்தது. சுற்று வழியில் போய்ப் பார்த்தாள். போதவில்லை. ஒருநாள் மாமியார் செருப்பு மாட்டிக்கொண்டு வருவதற்குள் நாலு டயரிலும் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிட்டாள். வண்டி மெத்தைமேல் போவது போலப் போனது. முனகல் பாதியானது! அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. மாமியாருக்கும் தெரியாது. வீட்டில் இறக்கிவிட்டதும் மறுபடி பெட்ரோல் பங்க்குக்கு ஓடிக் காற்றடித்துக்கொண்டு வந்து நிறுத்திவிடுவாள்.

நேற்று மழையில், திருப்பத்தில், வண்டி தன்னிஷ்டத்துக்கு நழுவியபோதுதான் அவளுக்கு உறைத்தது. வலிக்கக் கூடாது என்று செய்தது ஆளையே கொன்றிருக்குமே! அதனால்தான் திட்டு விழும் என்று தெரிந்தும், டயர் மாற்ற வேண்டும் என்று அவளாகவே வாயைத் திறந்தாள்.

"சாவியைக் குடு" என்றான் கணவன். "இனிமே நீ இந்த வண்டியைத் தொட வேண்டாம். அம்மாவுக்கு டாக்ஸி வெச்சுக்கலாம்."

டாக்ஸிக்காரன் எந்த வழியில் போவான், எப்படிப் போவான்? சாவியைக் கொடுத்தாள்.

டயர் கடைக்குப் போய்விட்டு அப்படியே பிசியோதெரபிக்கு என்று நாலு பேரும் கிளம்பினார்கள். அக்கா முன்சீட்டில், மாமியாரும் மருமகளும் பின்னால். அவன் வேண்டுமென்றே குறுக்கு ரோட்டில் திருப்பினான். இன்று டயர்களில் காற்று கல் மாதிரி நிறைந்திருந்தது. முதல் பள்ளத்திலேயே மாமியாரின் நகம் அவள் மணிக்கட்டில் பதிந்தது.

"கொஞ்சம் மெதுவா போங்களேன்..."

"வண்டி ஓட்ட உங்கிட்ட கத்துக்கணுமா நான்?"

"அம்மாவே ஒண்ணும் சொல்லல, உனக்கென்ன நோவு?" என்றாள் அக்கா. அந்தத் தெரு முழுக்க அவள் பேச்சு ஓயவில்லை. அதற்குள் பின்னால் ஒரு கிழவி சால்வையை வாயில் அடைத்துக்கொண்டதை யார் பார்த்தார்கள்?

"என்னடி... இன்னைக்கு ஏன் இப்படி உயிர் போகுது? மருந்து கேக்கலையா?" மாமியார் அவள் காதில் கேட்டாள். அவள் மாமியாரின் முதுகுக்குப் பின்னால் தன் கையை அணை கொடுத்தாள்.

கடையில் ரப்பர் வாசனையும் சுத்தியல் சத்தமும். மாமியாரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். நிற்கவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் கிழவி அந்த நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தாள்.

கடைக்காரர் இரண்டு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். "இது லேசா உருளும், பெட்ரோல் மிச்சமாகும். உங்க மாதிரி வண்டிக்குன்னே வந்தது. ஆனா கொஞ்சம் கட்டி, குழியில எறங்கினா தூக்கிப் போடும். இது மெத்து. ஈரத்துல நல்லா புடிக்கும், அலுங்காது. மைலேஜ் கொஞ்சம் குறையும். எதைப் போட?"

"இதுல என்ன கேள்வி? மைலேஜ் டயர்தான்!"

"வேண்டாங்க..." அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அந்த மெத்து டயரைப் போடுங்க."

"ஒரு செட்டை ஒழிச்சுக் கட்டியாச்சு, அடுத்ததும் உன் இஷ்டமா?"

கழற்றிய சக்கரத்தைத் தடவிக்கொண்டே கடைக்காரர் சொன்னார். "ரெண்டு ஓரமும் இப்படித் தேஞ்சா காத்து கம்மியா ஓடியிருக்குன்னு அர்த்தம் சார்."

"வாராவாரம் நானே பாக்குறேன், சரியாத்தான் இருக்கு!"

"அப்போ யாரோ எறக்கி எறக்கி ஏத்தியிருக்கணும்" என்று அவர் விளையாட்டாகச் சிரித்தார்.

அவன் சிரிக்கவில்லை. மெல்லத் திரும்பினான். "நீயா?"

பொய் சொல்ல அவளுக்கு வராது. "ஆமாங்க."

"ஏன்?"

தலையைக் குனிந்துகொண்டாள். அதுபோதுமே அக்காவுக்கு!

"அடிப்பாவி! காத்தை எறக்கிட்டா அம்மாவை வெச்சு ஓட்டின? நேத்து வழுக்கினது இதாலதானா? எங்கம்மாவைக் கொல்லப் பாத்தியாடி நீ!"

கடையே திரும்பிப் பார்த்தது. மற்ற பழியெல்லாம் பொய். இது ஒன்றில் மட்டும் பாதி உண்மை இருந்தது. அதுதான் அவளை அறுத்தது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"நிறுத்துடி!"

மகளை அதட்டியபடி மாமியார் எழுந்து நின்றிருந்தாள். யாரும் கை கொடுக்கவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி, உடம்பெல்லாம் ஆட, மருமகளையே பார்த்தாள்.

"அதான் இன்னைக்கு அப்படி வலிச்சுதா...? இத்தனை நாளும் மருந்து கேக்குதுன்னு நெனச்சேனே! நீயாடி காத்தை எறக்கி எனக்கு மெத்தை போட்ட? எங்கிட்டகூடச் சொல்லாமலா?"

"அம்மா, என்ன வலி? குறைஞ்சிருக்குன்னு சொன்னியே!" என்று பதறினான் மகன்.

"பொய்டா! டாக்டர்கிட்ட பொய், உங்கிட்ட பொய். கத்தி வெச்சுடுவாங்கன்னு பயம்டா எனக்கு! இவளைச் சத்தியம் பண்ண வெச்சு வாயைக் கட்டினேன். டாக்டர்கிட்ட சொல்லலாம் அத்தைன்னு இவ கால்ல விழாத குறை. நான்தான் கேக்கல. சுத்து வழி போனதும் எனக்காக. நீங்க ரெண்டு பேரும் வாய்க்கு வந்தபடி பேசினீங்க, நான் ஜன்னல்ல நின்னு வேடிக்கை பாத்தேன்... பாவி, நான்தான் பாவி!"

மருமகள் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள். மாமியார் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பத்துப் பேர் பார்க்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் விசித்து விசித்து அழுதாள். "உன்னை ஒருநாளாவது நல்லா வெச்சிருக்கேனா நான்? எம் பொண்ணு இவ இல்ல... நீதாண்டி!"

அக்கா சுவரோரம் போய் நின்றாள். கணவன் பக்கத்தில் வந்தான். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவனுக்குத் துணிவில்லை. அவள் மணிக்கட்டில் பதிந்திருந்த நகத் தடத்தைத்தான் பார்த்தான்.

"எங்க சுத்துறன்னு அக்காவைக் கேக்க விட்டுட்டேனே... பெட்ரோலைப் பாத்தேன், கிலோமீட்டரைப் பாத்தேன், பின்சீட்டைப் பாக்கலையே நான்! என்னை மன்னிச்சுடும்மா."

"மன்னிக்கறது இருக்கட்டும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிட அவசரமான வேலை இருந்தது. "நானும் தப்புத்தாங்க பண்ணேன். காத்து இல்லாம ஓட்டியிருக்கக் கூடாது. அத்தை, இனிமே ஒளிக்க வேண்டாம். இப்பவே டாக்டர்கிட்ட போய் உள்ளதைச் சொல்லுவோம். ஆபரேஷன்னாலும் அந்த ரூம் கதவு வரைக்கும் உங்க கையை விடமாட்டேன்."

மாமியார் சின்னக் குழந்தைபோலத் தலையாட்டினாள்.

கடைக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், டயர்...?"

"அவங்களைக் கேளுங்க" என்றான் கணவன்.

"மெத்து டயரே போடுங்கண்ணே. காத்து, வண்டியில எழுதியிருக்கிற அளவுக்குச் சரியா இருக்கட்டும்."

கிளம்பும்போது அவன் சாவியை மனைவி கையில் வைத்துவிட்டு, பின்கதவைத் திறந்து அம்மா பக்கத்தில் ஏறிக்கொண்டு, அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டான். அக்கா முன்சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்தாள். சுற்று வழியில், சத்தமே இல்லாமல் கார் போனது. புது டயர் பள்ளங்களை விழுங்கியது. ஆனாலும் எல்லாப் பள்ளத்தையும் விழுங்குகிற டயரை யாரும் இன்னும் செய்யவில்லை. ஒரு திருப்பத்தில் வண்டி லேசாக அலுங்கியது.

வழக்கம்போல மாமியாரின் கை சால்வையைத் தேடியது. பிறகு நின்றுவிட்டது.

"ஐயோ... வலிக்குதேடா! என்னால தாங்க முடியலடா!" வாய்விட்டு, கார் அதிர, அவள் கத்தினாள். மகன் குனிந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு தானும் ஓவென்று அழத் தொடங்கினான்.

இத்தனை மாதமாகத் தன் பிடரியில் மட்டும் விழுந்த குரல் இப்போது எல்லோர் காதிலும் விழுகிறது. அவளுக்குப் பாதை கண்ணீரில் கலங்கியது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள், வேகத்தைக் குறைத்தாள்.

"கத்துங்க அத்தை... நல்லாக் கத்துங்க" என்றாள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.