பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பு

மூன்றாவது போட்டோவில் மட்டும் அந்தக் கறை இருந்தது.

ஈவ்லின் செல்போனை முகத்துக்கு அருகில் கொண்டுவந்து பார்த்தாள். பீரோவின் உள்பக்கம், கீழ்த்தட்டுக்குச் சற்று மேலே, ஒரு குழந்தையின் உள்ளங்கை அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. காலையில்தான் எலுமிச்சம்பழமும் வினிகரும் போட்டு மூன்று முறை துடைத்தாள். சன்னல் வெளிச்சம் விழும் பக்கமாகத் திருப்பி வைத்துத்தான் போட்டோ எடுத்தாள். எடுக்கும்போது அது இல்லை.

அந்த ஒன்றை மட்டும் நீக்கிவிட்டு மற்ற நாலையும் ஆன்லைனில் ஏற்றினாள். 'பழைய தேக்கு மர பீரோ. எஸ்டேட் பங்களாவில் இருந்தது. குறை எதுவும் இல்லை.'

பழைய சாமான் விற்பதில் அவளுக்குக் கை பழகியிருந்தது. தொட்டில், மிக்ஸி, மகள் அபிஷாவின் மூன்று சக்கர சைக்கிள் எல்லாம் இந்தச் செல்போன் வழியாகத்தான் ஏற்காடு மலையில் அவள் ஊரான வெள்ளக்கடையிலிருந்து கீழிறங்கிப் போயின. கீறல் தெரியாமல் எந்தக் கோணத்தில் எடுக்க வேண்டும், துருவை எந்தத் துணி போட்டு மறைக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

இந்த பீரோவைக் கொண்டுவந்தது அவள் கணவன் மரியதாஸ். டூரிஸ்ட் கார் ஓட்டுகிறவன். ரிசார்ட்டாக மாறப் போகும் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது, விற்றால் லாபம் வரும் என்று சல்லிசான விலைக்கு வாங்கி வந்திருந்தான். வந்த அன்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

"ஆறு மாசமா ஆளே இல்லாத பங்களா. எல்லா லைட்டும் அணைஞ்சு கெடக்குது. இந்த பீரோவுக்குள்ள மட்டும் பல்பு எரியுது. எவனோ அணைக்க மறந்துட்டான் பாரு."

ஏற்காட்டில் பீரோவுக்குள் பல்பு எரிவது ஒன்றும் அதிசயமில்லை. மழைக்காலம் வந்தால் பனி சன்னல் இடுக்கு வழியாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். துணி, செருப்பு, பைபிள் அட்டை எல்லாம் இரண்டே நாளில் பூசணம் பூத்துவிடும். அதனால் பீரோவின் பின்பலகையில் ஓட்டை போட்டு வயர் இழுத்து, நாற்பது வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றை இரவும் பகலும் எரிய விடுவார்கள். மரியதாஸும் கொண்டுவந்த கையோடு வயரைச் செருகி எரிய விட்டான். மூன்று வாரம் அது ஒரு தொந்தரவும் இல்லாமல் நின்றது.

விற்பதற்குப் போட்டோ எடுத்தபோதுதான் ஈவ்லின் பல்பைக் கழற்றினாள். வயரும் ஓட்டையும் தெரிந்தால் விலை குறைப்பார்கள். ஓட்டையை எம்-சீல் பசை வைத்து அடைத்து, மேலே வார்னிஷ் தடவினாள். பார்க்கப் புத்தம் புதிதாக இருந்தது.

அது செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை காலையில் அபிஷாவுக்கு இளைப்பு வந்துவிட்டது.

ஆறு வயது. இரண்டு வயதிலிருந்தே உள்ளதுதான். ஆனால் ஒரு வருடமாக அடங்கியிருந்தது. இப்போது இளைப்பு மருந்து பம்பை அடித்தும் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு விசில் விடாமல் கேட்டது. குழந்தை துப்பிய சளியில் சாம்பல் நிற நூல் ஒன்று நெளிந்து கிடந்தது. ஈவ்லின் அதைத் துணியில் பிடித்து எடுத்தாள். எடுக்க எடுக்க நீண்டது.

பீரோவைத் திறந்தாள். ஊறிப்போன செருப்பும், நாலு நாள் புளித்த மாவும், காயத்துக்குக் கட்டிய துணியை அவிழ்க்கும்போது வரும் நாற்றமும் ஒன்றாகக் கலந்து முகத்தில் அடித்தது. உள்ளங்கை அளவுக் கறை இப்போது முழங்கை நீளத்துக்கு வளர்ந்திருந்தது. விரலால் தொட்டாள். பாலாடை போலச் சுருங்கி, வெதுவெதுப்பாக, நகத்தில் ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டு ஐந்து முறை கழுவிய பிறகும் மதியச் சோற்றில் அந்த நாற்றம் இருந்தது. தட்டைத் தள்ளிவிட்டாள்.

இனி விலை முக்கியமில்லை. இது வீட்டை விட்டுப் போக வேண்டும். குழந்தை மூச்சு விட வேண்டும்.

ஆனால் வாங்க வருகிறவர்கள் அவள் உயிரை வாங்கினார்கள். 'கடைசி விலை?' என்று கேட்டுவிட்டுக் காணாமல் போனவர்கள் பதினாலு பேர். மிலிட்டரி ஆபீசர் என்று சொல்லிக்கொண்ட ஒருவன், பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்யுங்கள் என்றான். ஒருவன் பீரோவைக் கேட்காமல், போட்டோவின் ஓரத்தில் தெரிந்த அவளுடைய கையைப் பற்றி எழுதினான். அவனைத் தடை செய்துவிட்டுக் கைகழுவினாள்.

வியாழக்கிழமை சேலத்திலிருந்து ஒரு புருஷன் பொண்டாட்டி நேரிலேயே வந்தார்கள். கதவைத் திறந்ததும் அந்தம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டது.

"ஏனுங்க, இதுக்குள்ள பொணத்தையா வச்சிருந்தீங்க?"

"மழைங்க. ரெண்டு நாள் வெயில்ல வச்சா போயிருங்க."

"உங்கூர்ல எந்த மாசமுங்க வெயிலு அடிக்குது?" என்று அவள் புருஷன் சிரித்தான். "இருபது வளைவு சுத்தி வந்த பெட்ரோல் காசை யார் தருவாங்க? போட்டோவுல மட்டும் ராஜா ஊட்டுச் சாமான் கணக்கா இருக்குது."

அவர்கள் போன பிறகு ஈவ்லின் கணவனைக் கூப்பிட்டாள். அவன் சவாரியாகக் கொடைக்கானலில் இருந்தான்.

"ஏனுங்க, மறுபடியும் பல்பைப் போட்றட்டுங்களா?"

"அடைச்ச ஓட்டையை மறுபடி நோண்டுனா பலகை பொளந்துரும். ஞாயித்துக்கெழமை நான் வந்து பாத்துக்கறேன். பாப்பாவுக்கு ஆவி புடி."

அன்று சாயங்காலம்தான் அந்த மெசேஜ் வந்தது. பெயர் அற்புதம். முகப்புப் படத்தில் ஒரு வெள்ளை லில்லி. நம்ம சபை ஆளாக இருக்கும் என்று ஈவ்லினுக்கு ஒரு நிம்மதி.

'பீரோ இருக்கா?'

'இருக்குங்க. கொஞ்சம் ஈரம் இருக்குங்க' என்று முதல் முறையாக உண்மையை எழுதினாள்.

'ஈரம் இருந்தால்தான் வேண்டும்.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். அடுத்தது வந்தது.

'பல்பு போடவில்லையே?'

பல்பைப் பற்றி அவள் எங்கேயும் எழுதவில்லை. எந்தப் போட்டோவிலும் வயர் இல்லை. பங்களாவில் முன்பு வேலை பார்த்தவர்களாக இருக்கும், அதனால் தெரிந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

'இல்லைங்க.'

'போட வேண்டாம். காய்ந்துவிடும். சனிக்கிழமை மூன்று மணிக்கு வண்டி வரும். பூட்டிச் சாவியை டிரைவரிடம் கொடுங்கள்.'

பேரம் பேசவில்லை. அவள் கேட்டதை அப்படியே அனுப்பிவிட்டார்கள். இரண்டே நாள். ஈவ்லின் அபிஷாவின் நெஞ்சைத் தடவிக்கொண்டே கர்த்தருக்கு நன்றி சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அபிஷா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்:

"அம்மா, பீரோவுக்குள்ளயும் ஒரு பாப்பா இளைக்குது."

"சும்மா இரு கண்ணு."

"நெசமாம்மா. நான் மூச்சு உட்டா அதும் உடுது."

ஈவ்லின் கதவில் காதை வைத்தாள். மரம் குளிர்ந்து, மனிதத் தோல் போல வழவழப்பாக இருந்தது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மெல்லிய விசில். இழுத்து, அடைத்து, மறுபடி இழுத்து. அவள் வருடக்கணக்கில் ராத்திரிகளில் கண் விழித்துக் கேட்ட அதே சத்தம்.

வெடுக்கென்று திறந்தாள். யாருமில்லை. பின்பலகை முழுக்கப் பூசணம். விரற்கடை நீளத்துக்கு முடி போல வளர்ந்திருந்தது. அது கண்டபடி பரவவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த ஒரு சின்ன உருவத்தின் அளவில், வரைந்து வைத்தது போல இருந்தது. தலை, முதுகு, இடுப்பு. காற்றே இல்லாத இடத்தில் அந்த முடியெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. சாய்ந்து நிமிர்ந்தது.

வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து அடுப்படியில் இருந்தபோது மறுபடி இளைப்பு. பீரோவிலிருந்து. கூடவே கதவைப் பிறாண்டும் சத்தம். அபிஷா உள்ளே போய் மாட்டிக்கொண்டாள் என்று நினைத்துக் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். திறந்தாள். நாற்றம் மட்டும். திரும்பினால் கட்டிலில் அபிஷா உட்கார்ந்து சிரித்தாள்.

"என்னையா தேடுன? நான் இங்கதானே இருக்கறேன்."

ஆக, அது ஏமாற்றுகிறது. ஈவ்லின் பல்லைக் கடித்துக்கொண்டாள். பீரோவிலிருந்து எடுத்த குண்டு பல்பு இப்போது பாத்ரூமில்தான் எரிந்துகொண்டிருந்தது. கழற்றி வந்து, முன்கதவு இடுக்கு வழியாகவாவது வயரை விட்டுத் தொங்கவிடலாம். ஸ்டூலை எடுத்துப் போட்டாள். ஏறினாள். பல்பில் கை வைத்தாள்.

செல்போன் அதிர்ந்தது.

'வேண்டாம். காய்ந்தால் எடுக்க மாட்டோம்.'

அப்படியே நின்றாள். வெளியே பனி. சன்னல் கொக்கி போட்டிருந்தது. யாரும் இல்லை. எடுக்காமல் விட்டுவிட்டால்? இன்னொரு ஆளை எங்கே தேடுவது? இன்னொரு வாரம் இதை வீட்டில் வைத்துக்கொண்டு...

ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டாள்.

சனிக்கிழமை இரண்டரை மணிக்கே பனி இறங்கிவிட்டது. முற்றத்துச் சவுக்கு மரம் தெரியவில்லை. கேட் தெரியவில்லை. பட்டப்பகலில் வீட்டுக்குள் அழுக்குத் தண்ணீர் போல ஒரு வெளிச்சம். காலையிலிருந்து நனைந்த சாக்கின் நாற்றம் சுவரில், தலையணையில், அவள் கூந்தலில்கூட ஏறியிருந்தது.

அபிஷாவைக் கட்டிலில் விட்டுவிட்டு, பத்து நிமிடம் பின்பக்கம் போய்ச் சுள்ளி எடுத்து வந்தாள். சாவியை எடுத்தாள். பீரோவின் முன்னால் நின்றாள்.

உள்ளே இளைப்பு.

நேற்றைவிடப் பலமாக. பக்கத்தில். சின்ன விரல்கள் மரத்தைத் தட்டின. டக். டக்.

"ம்... மா..."

ஈவ்லின் திரும்பி அறையைப் பார்த்தாள். கட்டில். கம்பளி. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த அபிஷாவின் பின்தலை. சிவப்பு ரிப்பன். எல்லாம் அப்படியே இருந்தது.

மூன்றாம் முறை ஏமாற மாட்டாள்.

"போய்த் தொலை" என்றாள். சாவியைத் திருப்பினாள். இரண்டு சுற்று. உள்ளே தட்டுவது வேகமானது. காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றாள்.

சொன்ன நேரத்துக்குச் சரக்கு ஆட்டோ வந்தது. டிரைவர் சக்திவேல் இருபத்தைந்து வயசுப் பையன். கூட இரண்டு ஆட்கள். மூவரும் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு தூக்கினார்கள்.

"ஏனுங்கக்கா, உள்ள துணிமணி ஏதாச்சும் இருக்குதுங்களா? நொம்ப கனக்குதுங்க."

"ஒண்ணுமில்லீங்க தம்பி. மரம் ஈரத்தைக் குடிச்சிருக்குது."

"நாத்தம் கொடலைப் பொரட்டுதுங்க. இதையும் காசு குடுத்து வாங்கறாங்க பாருங்க."

"எங்க எறக்கறீங்க?"

"மாரமங்கலம் ரோட்டுல ஒரு வளைவுல எறக்கி வச்சுட்டுப் போகச் சொல்லியிருக்காங்க. ஆளு பேசலீங்க. மெசேஜ் மட்டுந்தானுங்க."

வண்டிக்குள்ளிருந்து ஏதோ தட்டும் சத்தம் கேட்டது. சக்திவேல் காதைத் தீட்டினான். அதற்குள் ஆள் ஒருவன் இன்ஜினைக் கிளப்பச் சொன்னான். ஈவ்லின் சாவியை நீட்டினாள். பின்விளக்கு இரண்டும் பனியில் கரைந்தன. பிறகு சத்தமும்.

வீடு அமைதியானது.

இளைப்பு இல்லை. விசில் இல்லை. நான்கு நாளில் முதல் முறையாக எந்தச் சத்தமும் இல்லை. ஈவ்லின் சுவரில் சாய்ந்து அழுதாள். பிறகு பால் காய்ச்சினாள். மிளகு தட்டிப் போட்டாள். டம்ளரை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள்.

"கண்ணு, எந்திரி. போயிருச்சு. இனிமே ஒண்ணுமில்ல."

அபிஷா அசையவில்லை.

நல்ல தூக்கம். இளைப்பில்லாத தூக்கம். எவ்வளவு அமைதி.

ரொம்ப அமைதி.

கம்பளி ஏறி இறங்கவில்லை.

டம்ளரைக் கீழே வைத்தாள். கன்னத்தில் ஏதோ சாம்பலாக ஒட்டியிருந்தது. முந்தானை நுனியால் துடைத்தாள். நான்கு நாளாகப் பலகையைத் துடைத்த அதே கை, அதே வேகம்.

கன்னம் துணியோடு வந்துவிட்டது.

பாலாடை போல. வெதுவெதுப்பாக. உள்ளே ரத்தம் இல்லை. எலும்பு இல்லை. ஈரமான சாம்பல் முடி, அடுக்கு அடுக்காக. ரிப்பன் அவிழ்ந்து தலையணையில் விழுந்தது. அது மட்டும் நிஜம்.

செல்போன் அதிர்ந்தது.

அற்புதம். குரல் பதிவு. பதினொரு நொடி.

விரல் தானாக அழுத்தியது. வண்டி குலுங்கும் சத்தம். மரத்தில் நகம். நடுவே, இழுத்து, அடைத்து, மறுபடி இழுத்து...

"அம்மா... இருட்டா இருக்குது. பல்பு போடும்மா..."

திரையில் வெள்ளை லில்லி மறைந்தது. 'இந்தக் கணக்கு இப்போது இல்லை' என்று வந்தது.

கட்டிலில் கிடந்தது அந்தக் குரலைக் கேட்டது. மெல்ல அவள் பக்கம் திரும்பியது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் முடி இரண்டாகப் பிரிந்து, சின்னதாக ஒரு ஓட்டை விழுந்தது.

அதன் வழியே, சொல்லிக்கொடுத்த பாடத்தைத் திருப்பிச் சொல்வது போல, அது இளைக்கத் தொடங்கியது.