குழல்முனையில் தாடிப்பாசி

“கையில விலங்கு மாட்டுங்க. என் புருஷன நான்தான் சுட்டேன்,” என்றாள் கோரின்.

வனக்காவல் அதிகாரி ஆஸ்ட்ராண்டர் காப்பிக் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. எதற்கும் பதறாத மனிதர். பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

மொன்டானா மலைக் கணவாயைப் பனி மூடிவிட்டது. வானொலியும் ஊமையாகிவிட்டது. வேட்டை முகாமில் மிஞ்சிய நால்வரும் ஒரே கித்தான் கூடாரத்தில், ஒரே அடுப்பைச் சுற்றி அடைந்து கிடந்தார்கள். ஐந்தாவது ஆள் வெண்டல், அடுத்த கூடாரத்தில் சேணங்களுக்கு நடுவே போர்வை மூடிக் கிடந்தான். “சாயங்காலம் உங்ககிட்ட தனியா பேசணும்” என்று அதிகாரியை வரவழைத்ததே அவன்தான். சாயங்காலம் வந்தபோது அவன் இல்லை.

“விடு கோரின், தெரிஞ்சா செஞ்ச?” என்றான் லாயிட். வெளியூர் வேட்டைக்காரர்களை மலைக்கு அழைத்து வரும் தொழிலில் வெண்டலின் கூட்டாளி. “எல்க் மான்னு நெனச்சு சுட்ட. உன் இடது பக்கம், கைக்கெட்டுற தூரத்துலதான் நின்னேன். நீ சுட்டதும் பள்ளத்துல அவன் ‘கோரின்’னு மெல்ல முனகினான். இன்னும் என் காதுலயே நிக்குது.”

“எனக்குக் கேக்கலயே,” என்றாள் அவள். “காத அடைச்சிருந்தேன். கண்ணு தொலைநோக்கில இருந்துச்சு. நீ வந்ததே எனக்குத் தெரியாது. எந்திரிச்சு நேரா மானத் தேடி இறங்கினேன். அங்க அவரு கெடந்தாரு.” ராத்திரி முழுக்க அவள் கண் மூடவில்லை. கூப்பிட்ட குரல் கேட்காமல் போனதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

“நீ காத அடைச்சிருந்தியா லாயிட்?” என்று கேட்டார் ஆஸ்ட்ராண்டர்.

“அந்தப் பொம்பள சமாச்சாரமெல்லாம் நான் வச்சுக்கிறதில்ல.”

“நேத்து நீ சுட்டியா?”

“ஒரு குண்டுகூட இல்ல. நாள் முழுக்க மேட்டுலதான் இருந்தேன். அவன் விழுந்தப்புறம்தான் பள்ளத்துல கால வச்சேன்.”

ஆஸ்ட்ராண்டர் கோட்டை மாட்டினார். சமையற்காரன் டெல்பர்ட் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தான். “நானும் வரேன். துப்புத் துலக்குறதுன்னா எனக்கு உசுரு.”

“சட்டி தீயுது.”

“தீயட்டும். எப்பவும் தீயுறதுதானே.”

வெளியே கோவேறு கழுதை ஒன்று கட்டை அவிழ்த்துக்கொண்டு நின்றது. “ஏய் பியூலா, திரும்புடி,” என்று டெல்பர்ட் தொண்டை கிழியக் கத்தினான். குரல் பஞ்சு மூட்டைக்குள் போனதுபோல் அமுங்கிப்போனது. கழுதையும் திரும்பவில்லை.

“நேத்து எத்தன வெடி கேட்டுச்சு?” என்றார் ஆஸ்ட்ராண்டர்.

“ஒண்ணு. அப்புறம் அதோட எதிரொலி.”

அவர் தலையசைத்துவிட்டு நடந்தார். வெடிச்சத்தம் கேட்பதற்கு முன்பே பனி நின்றுவிட்டது. அதற்குப் பிறகு காற்றும் அடிக்கவில்லை. மேட்டில் எல்லாம் நேற்று இருந்தபடியே இருந்தது. கோரின் படுத்துச் சுட்ட தடம் அப்படியே பதிந்திருந்தது. அவள் தோள் பழுதுபட்ட தோள். அதனால் துப்பாக்கியின் குழல்முனையில் பிரேக் மாட்டியிருந்தாள். வெடிப்புகையையும் சத்தத்தையும் அது இருபுறமும் பீய்ச்சி, தோளில் விழும் உதையைக் குறைக்கும். குழல்முனை இருந்த இடத்தின் இருபக்கமும் விசிறிபோல் பனி வாரியடிக்கப்பட்டிருந்தது. இடப்பக்கத்துப் பைன் கிளை மொட்டையாக நின்றது. அதன் பனிக்கட்டியும் ஊசியிலையும் கீழே சிதறிக் கிடந்தன. நடுவே லாயிடின் பூட்ஸ் தடம்.

“நின்னிருக்கான் பாருங்க. சொன்னது நெசந்தான்,” என்றான் டெல்பர்ட்.

ஆஸ்ட்ராண்டர் மண்டியிட்டுத் தடத்துக்குள் பார்த்தார். அதன் அடியில் ஊசியிலைகள் நசுங்கிப் பதிந்திருந்தன.

வெண்டல் விழுந்து கிடந்த பள்ளத்தில் ஊற்றோரம் கிழ மரங்களில் தாடிப்பாசி சடைசடையாகத் தொங்கியது. மேட்டில் அது ஒரு இழைகூட இல்லை. எதிர்ச்சரிவில் அண்டங்காக்கைகள் கூட்டமாக எதையோ கொத்திக்கொண்டிருந்தன. அங்கே ஏறிப் போய் அதையும் பார்த்துவிட்டு அவர் திரும்பினார்.

முகாமில் துப்பாக்கிகள் வெளியே கம்பத்தில்தான் தொங்கும். குளிர்ந்த இரும்பைச் சூட்டுக்குள் கொண்டுவந்தால் வியர்த்துப் பாழாகும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். கோரினுடையதும் லாயிடுடையதும் ஒரே அளவுக் குண்டு போடும் துப்பாக்கிகள். லாயிடுடைய முனையில் மட்டும் கவைபோல் பிளந்த சுடர் மறைப்பான் இருந்தது. சுடும்போது வரும் தீச்சுடரைக் குறைப்பதற்கு. ஆஸ்ட்ராண்டர் அந்தத் துப்பாக்கியைக் கம்பத்திலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். நால்வரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“கோரின், நீ சுட்டது எல்க்கைத்தான். எதிர்ச்சரிவுல செத்துக் கெடக்கு, காக்கா விருந்து நடக்குது.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். லாயிட் சிரித்தான். “அப்ப வெண்டல எது கொன்னுச்சு, பனியா?”

“பிரேக் மாட்டின துப்பாக்கிக்குப் பக்கவாட்டுல, வெறுங்காதோட, கைக்கெட்டுற தூரத்துல நின்னேன்னு சொன்ன. அப்படி நின்னவனுக்கு ரொம்ப நேரம் காதுல மணிதான் அடிக்கும். பள்ளத்து முனகல் கேக்காது. உனக்குக் கேட்டுச்சு.”

“என் காது கெட்டி.”

“சரி. அவ சுட்டப்போதான் பைன் கிளை உதிர்ந்துச்சு. நீ முன்னாடியே அங்க நின்னிருந்தா அந்தக் குப்பை உன் தடத்துக்கு மேல விழுந்திருக்கணும். அடியில கெடக்குது. அவ இறங்கிப் போனப்புறம் வேற வழியா ஏறி வந்து, அந்தக் குப்பைய மிதிச்சுட்டுப் பின்னாலயே இறங்கிப் போயிருக்க.”

டெல்பர்ட் வாயைப் பிளந்தான். “அந்த எதிரொலி...”

“புதுப்பனியில உன் கத்தலே திரும்பல டெல்பர்ட். நீ கேட்டது ரெண்டாவது வெடி. அவ வெடிக்காகக் காத்திருந்து இவன் சுட்டான். அவ காது அடைச்சிருக்கும்னு இவனுக்குத் தெரியும்.” ஆஸ்ட்ராண்டர் துப்பாக்கியின் முனையை வெளிச்சத்துக்குத் திருப்பினார். சுடர் மறைப்பானின் கவையில் ஒரு கொத்துத் தாடிப்பாசி சிக்கி, நுனி கருகியிருந்தது. “ஊற்றோரப் பாசி. சுடாத துப்பாக்கியில எப்படிக் கருகுச்சு? ராத்திரி துடைக்கத்தான் நெனச்சிருப்ப. ஆனா வெளிய இருட்டு, துப்பாக்கிய உள்ள எடுத்தா நாங்க நாலு கேள்வி கேட்போம்.”

லாயிட் வாசலைப் பார்த்தான். வாசலுக்கு வெளியே பனியைத் தவிர எதுவும் இல்லை. போக்கிடம் இல்லை என்பது அவனுக்கும் தெரியும்.

“காட்டிக்குடுக்க இருந்தான்,” என்றான் கடைசியில். “தடைக்காட்டுல நான் அடிச்ச மானுங்கள. லைசென்ஸ் போச்சுன்னா நான் என்ன பண்றது?”

டெல்பர்ட் கழுதைக் கயிற்றால் அவன் கைகளைக் கட்டினான். கணவாய் திறக்கும்வரை அவனுக்கும் இந்த அடுப்புதான், இந்தக் கூடாரம்தான்.

கோரின் எழுந்து அவன் எதிரே குந்தினாள். அவள் குரல் ஏறவே இல்லை.

“என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரா?”

அவன் கட்டிய தன் கைகளைப் பார்த்துக் குனிந்தான்.

“பக்கத்துல இருந்தவன் நீ ஒருத்தன்தான். சொல்லு லாயிட்.”

“இல்ல,” என்றான் அவன். “அத நான்தான் சேர்த்துச் சொன்னேன். குண்டு பட்டதும் போயிட்டான்.”

நேற்று மாலையிலிருந்து ஒரு சொட்டுக்கூட அழாதவள், அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஆஸ்ட்ராண்டர் தன் காப்பியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுப்பில் இன்னொரு கட்டையைப் போட்டார்.