எட்டிலிருந்து இரண்டுக்கு

பகல் பன்னிரண்டரைக்கு, யாருமே பயன்படுத்தாத சர்வர் தொண்ணூற்றெட்டு சதவீத லோடு காட்டியது.

முத்துராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். அது அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் கிளவுடு சர்வர். அங்கே இப்போது நள்ளிரவு, வேலை செய்ய ஆள் கிடையாது. அவன் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பரளச்சி கிராமத்திலும் ஆள் கிடையாது. அம்மாவும் அப்பாவும் திருப்பூருக்கு அக்கா வீட்டோடு போய்விட்டபின், கருவேலங்காட்டைத் தாண்டி வரும் வெக்கையில் கதவு முனகுவதும் மாடியில் காயும் மிளகாய் நெடியும் தவிர, அவனைத் தேடிவரும் ஒரே ஜீவன் டீம் லீடர் அருஞ்சுனை. அதுவும் போனில்.

"ஏலே, அந்தச் சர்வரை எட்டுலருந்து ரெண்டாச் சுருக்கிட்டியா?"

"உள்ள லோடு காட்டுதுண்ணே."

"ஆளில்லாத இடத்துல என்னடா லோடு? ஒரு மணிக்குள்ள சுருக்கு. இல்லைன்னா மேல உள்ளவுக உன்னையச் சுருக்கிருவாக."

இரண்டு எச்சரிக்கை ஏற்கெனவே வாங்கியாயிற்று. மூன்றாவதற்கு வேலையே போய்விடும்.

சர்வரை நிறுத்தி, அதன் எட்டு பிராசஸரை இரண்டாகக் குறைத்து, மறுபடி ஓடவிட வேண்டும். நிறுத்துமுன் லாகின் செய்து உள்ளே இருப்பவர்களுக்கு அறிவிப்பு அனுப்புவது வழக்கம். 'ஐந்து நிமிடத்தில் அளவு குறையும், வெளியேறவும்' என்று ஆங்கிலத்தில் அனுப்பினான்.

பதில் தமிழில் வந்தது.

'எங்கய்யா போறது? இருவத்தேழு பேரு இருக்கோம்.'

அருஞ்சுனையைக் கூப்பிட்டான். "ஏண்ணே, விளையாடுறீகளா?"

"பந்தல்குடில கறிச்சோத்துக்குள்ள கையை விட்டுட்டு உக்காந்திருக்கேன். இதுல உங்கூட வேற விளையாடணுமாக்கும்? வைடா போனை."

திரையில் அடுத்த வரி காத்திருந்தது.

'நீ தனியாத்தான இருக்க?'

கழுத்தில் வேர்வை ஊர்ந்து இறங்கியது. ஒரு மணிக்கு இன்னும் மூன்று நிமிடம். வேலை போனால் என்ன செய்வான்? எட்டை அழித்தான். இரண்டு. அழுத்தினான்.

சர்வர் நின்றது. மறுபடி ஓடியது. லோடு, பூஜ்யம். உள்ளே இருப்பவர்கள், பூஜ்யம்.

'முடிஞ்சதுண்ணே' என்று அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தான்.

முதுகில் நாற்காலி படவில்லை. வேறேதோ பட்டது. மெத்தென்று.

கதவு முனகவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு ஆட்கள் நிற்பதுபோல் காற்று வர வழியில்லை. அடுத்த அறையில் ஒரு சொம்பு உருண்டது. உஷ் என்றது ஒரு குரல். கட்டில் அமுங்கியது.

எழப் பார்த்தான். முடியவில்லை. இடப்பக்கம் ஒரு தோள். வலப்பக்கம் ஒரு தோள்.

"கொஞ்சம் வச்சுக்கப்பா."

மடியில் யாரோ ஒரு குழந்தையை உட்கார வைத்தார்கள். நல்ல கனம். ஐஸாகக் குளிர்ந்தது. அது மூச்சு விடவேயில்லை; ஆனால் இரண்டு கைகளாலும் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டது.