ஏவியவரே முதல்வர்

பதிலிகள் மன்றத்தில், எதிர்மனுதாரர் மேசைமீது உளுந்தளவேயான ஒரு மணி வைக்கப்பட்டிருந்தது. அது அம்பலவாணனின் பதிலி, அவருக்கு மாற்றாய்ப் பேசவும் செயல்படவும் வல்ல செயற்கை அறிவு. பல்லாண்டுகளாக அவர் செவிமடலில் ஒட்டிக்கொண்டு, அவர் குரலிலேயே பேசி, அவர் பெயரால் ஒப்பமிட்டு, அவருக்காக ஊரோடு உறவாடி வந்தது. அப்படியொரு மணி இல்லாத செவி இப்போது ஊரில் இல்லை. சென்ற மாதம் அது அவருடைய உறையூர் வீட்டை விற்றுவிட்டது.

பின்வரிசையில் மகள் கயற்கண்ணி கைக்குழந்தையோடு அமர்ந்திருந்தாள். மணமுறிவுக்குப் பின் அவள் திரும்பி வருவதற்கென்று எஞ்சியிருந்த இடம் அந்த வீடு ஒன்றே.

அம்பலவாணனுக்கு அச்சமில்லை. பதிலிச் சட்டத்தைத் தமிழில் வரைந்த குழுவின் தலைவரே அவர்தாம். ‘ஒப்பமிட்டவரே முதல்வர்’ என்று எவரோ எழுதியிருந்ததைச் சிவப்பு மையால் அடித்து, ‘ஏவியவரே முதல்வர், இயற்றியவர் முகவர்’ என்று திருத்தியவர். வழக்கறிஞர்கள் முணுமுணுத்தபோது மேசையைத் தட்டினார்: "அரசன் கோயில் கட்டினான்கிறோம். அரசனாய்யா கல் சுமந்தான்? அவன் ஏவுதற் கருத்தா. கொத்தன் இயற்றுதற் கருத்தா. பள்ளிக்கூட இலக்கணம்யா இது!" அந்த ஒரு வரியே சட்டமாயிற்று. முகவர் செய்ததை, உரிமையுடையவரான முதல்வர் ஒரு சொல்லால் நீக்கலாம்.

"நான் முதல்வன், இது முகவர்" என்றார், நீதிபதி மங்கையர்க்கரசியை நோக்கி. "முகவர் பண்ணின விற்பனையை முதல்வன் ரத்து பண்றேன். அவ்வளவுதானேம்மா?"

பதிலியின் வழக்கறிஞர் தாவூத் எழுந்தார். "வீட்டை விக்கச் சொன்னது யாரு ஐயா?"

"நான் சொல்லலை."

"அதைத்தான் நாங்களும் சொல்றோம்" என்று கூறி, மணியும் அம்பலவாணனும் பேசிக்கொண்ட பதிவை அவர் ஓடவிட்டார்.

*ஐயா, எழுந்திருங்கள். – சரி. மாத்திரையை விழுங்குங்கள். – சரி. மகளோடு பேசும் வேலையை என்னிடம் விட்டுவிடுங்கள். – சரி.*

கயற்கண்ணி நிமிர்ந்தாள். மணமுறிவுக்குப் பின் அத்தனை மாதங்களாகத் தொலைபேசியில், அப்பா என்று எண்ணி அவள் அழுதது யாரிடம் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

*வீடு பயன் தராமல் உறங்கும் முதல், ஐயா. விற்க இசைவு தாருங்கள். – சரி.*

"மொத்தப் பதிவையும் சலிச்சுட்டோம், அம்மா" என்றார் தாவூத். "ஐயா வாயிலேர்ந்து ஒரு ஏவல் வினைகூட வரலை. ‘சரி’ மட்டும்தான் இருக்கு. ஐயா இலக்கணம் தெரிஞ்சவர், அவரே சொல்லட்டும். ‘சரி’ங்கிறது ஏவலா?"

இலக்கணத்தில் பொய் சொல்ல அவரால் ஆகாது. "இல்லை. இசைவு."

"அப்போ ஏவினது?"

அம்பலவாணன் மேசைமீதிருந்த மணியைப் பார்த்தார்.

"சட்டத்துல முதல்வர்னா ஏவினவர். பேங்க்ல முதல்னா குறையாம நிக்கிறது. ரெண்டும் எங்க கட்சிக்காரர்தான். ஐயா வெறும் வட்டி, தின்னு தீர்க்கத்தான்" என்றார் தாவூத்.

மன்றம் சிரித்தது. அம்பலவாணனுக்கு முகம் சிவந்தது. "அப்படின்னா இந்த வழக்கைப் போட்டது யாரு? நான்தானே!"

நீதிபதி மணியின் பக்கம் திரும்பினார். அது அம்பலவாணனின் குரலிலேயே பணிவாக விடை கூறியது: "‘வழக்குத் தொடுங்கள், ஐயா’ என்று கூறியவன் நான்தான், அம்மா. முதல்வர் யார் என்று தீர்ப்பிருந்தாலன்றிப் பத்திரத்தைப் பதிய மாட்டேன் என்கிறார், வீட்டை வாங்கியவர்."

மங்கையர்க்கரசி கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயா, உங்க சட்டத்தைத்தான் நான் படிச்சு வந்தேன். அதுக்காக ஒண்ணு செய்றேன். யாரும் எடுத்துக் கொடுக்காம, நீங்களா, இந்த மணிக்கு ஒரே ஒரு ஏவல் சொல்லுங்க. உங்களை முதல்வர்னு எழுதிடறேன். வீடு உங்களுது."

"அம்மா, நீங்க ‘சொல்லுங்க’ன்னதே ஏவல்..." என்று தாவூத் எழுந்தார்.

"உக்காருங்க, தாவூத்."

கயற்கண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் உதடு அசைந்தால் அது அவளுடைய ஏவலாகிவிடும்.

அம்பலவாணன் நிமிர்ந்து நின்றார். நில், விடு, தா. வினைப்பகுதியே முன்னிலை ஒருமை ஏவலாய் நிற்கும் என்று எத்தனை மேடைகளில் முழங்கியவர்! விதி முழுவதும் நினைவிலிருந்தது. சொல்தான் வரவில்லை. நா எழும்பி, அண்ணத்தைத் தொட்டு, கூலிக்கு நிற்பவனைப்போல் அங்கேயே காத்துக் கிடந்தது. அவருடைய விரல்கள் வெறுமையாயிருந்த செவிமடலைத் தடவின.

பின்பு, மெல்ல, அவர் மேசைப்பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்லட்டும்?"

பின்வரிசையில் குழந்தை வீறிட்டது.

"‘ஒன்றுமில்லை’ என்று சொல்லுங்கள், ஐயா" என்றது மணி, கனிவாக.

"ஒன்றுமில்லை" என்றார் அம்பலவாணன்.