நாலாம் எண் கட்டில்

மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம், ஸலேஹா பெண்கள் வார்டு மேசைக்கு கிளார்க்காக மாற்றலாகி வந்தாள். மலேசியாவில், ஈப்போவின் அந்தப் பழைய சீன மருத்துவமனையில் சுவரெல்லாம் தைல வாசனை. பித்தப்பை அறுவை முடிந்த அவள் தங்கை நூரின் இதே வார்டில்தான் படுத்திருந்தாள். எட்டிப் பார்க்கும் தூரம்.

முதல் வேலை கட்டில் பட்டியல். பழைய கோப்பில் 1, 2, 3, 3A, 5 என்று யாரோ ஒவ்வொன்றாகத் தட்டி வைத்திருந்தார்கள். சீனர்களுக்கு நாலு சாவு எண் என்பது ஸலேஹாவுக்குத் தெரியாததல்ல; ஊரில் பாதி லிஃப்டில் நாலு கிடையாது. கம்ப்யூட்டருக்கு எதற்கு இந்தப் பயம் என்று சிரித்தபடி ஒன்று, இரண்டு போட்டு, கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். இருபதுவரை சரசரவென்று தானாக நிரம்பியது. நூரின் படுத்திருந்த 3A, நாலாகிவிட்டது. கையோடு கட்டில்களிலும் புது அட்டை மாட்டிவிட்டு வந்தாள்.

பட்டியலைப் பார்த்ததும் தலைமை நர்ஸ் சூ லானுக்கு முகம் வெளுத்தது.

"நாலு எங்கேர்ந்து வந்துச்சு?"

தானாக நிரம்பியது என்றாள் ஸலேஹா.

"நாங்க சும்மா பயந்து எடுக்கலம்மா." சூ லான் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கட்டில்ல ஒருத்தி செத்தா. அதுக்கப்புறம் அதுல படுத்த யாரையும் அவ விடல. நம்பர எடுத்த பிறகுதான் அவளுக்கு இடம் தெரியாமப் போச்சு."

ஸலேஹா அவசரமாக நூரினின் நாடித்துடிப்பு பதியும் பக்கத்தைத் திறந்தாள். கால் மணிக்கு ஒன்றாக நர்ஸ் போட்டிருந்தவை இரண்டே எண்கள்: 80, 76. மீதி காலியாக இருக்க வேண்டும். 72, 68, 64 என்று நிரம்பிக்கொண்டே போனது. மவுஸை யாரும் தொடவில்லை.

கடைசிக் கட்டத்தில் பூஜ்யம்.

இருவரும் ஓடினார்கள். கட்டிலருகே ஈரத்துணி நாற்றம். நூரின் சுவரோடு ஒட்டிக் கிடந்தாள். மீதி மெத்தையில் யாருமில்லை.

ஆனால் அது அமுங்கியிருந்தது.

"அக்கா, இந்தம்மாவ எந்திரிக்கச் சொல்லேன். தள்ளிப் படு, தள்ளிப் படுங்கிறாங்க."

சூ லான் அவள் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார். எழுபத்திரண்டு.

தன் சோம்பேறித்தனம் தங்கையைத் தின்னப் பார்க்கிறதே என்று ஸலேஹாவுக்கு உறைத்தது. அட்டையைக் கிழித்தெறிந்தாள். மேசைக்கு ஓடி வந்து நாலை அழித்து 3A என்று தட்டினாள். கண்ணெதிரே அது மீண்டும் நாலானது. திரும்பத் தட்டினாள். திரும்ப நாலு. கடைசியில், நூரினின் பெயரை அந்த வரியிலிருந்தே எடுத்து, பட்டியலின் அடியில் 3A என்று தனி வரி போட்டு எழுதினாள்.

அது அப்படியே நின்றது.

நாடி எழுபத்தெட்டுக்கு ஏறிவிட்டது என்று சூ லான் அங்கிருந்தே சொன்னார். ஸலேஹாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"எந்திரிச்சுட்டாங்கக்கா," என்றாள் நூரின். "உன் பக்கமாத்தான் வர்றாங்க."

ஸலேஹா திரையைப் பார்த்தாள். நாலாம் எண்ணுக்கு நேரே பெயர் காலியாக இருந்தது. ஒவ்வோர் எழுத்தாக அது நிரம்பியது.

ஸலேஹா.

பக்கத்தில் 96, 92, 88.

ஈரத்துணி நாற்றம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது. அவள் தன் மணிக்கட்டில் விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள்.

எண்பத்து நான்கு.

நாற்காலியில் யாரோ அவளை மெல்ல ஓரத்துக்குத் தள்ளினார்கள்.